‘செத்த காலேஜ்’ கற்பித்தது என்ன? சென்னைத் தொல்லியல் அருங்காட்சியகமும் பள்ளிக் குழுக்களும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851 முதல் பொதுமக்களுக்கான நிறுவனமாக இயங்கிவருகிறது. அதன் தொல்லியல் தொகுப்புகளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ள அளவுக்கு, அத்தொகுப்புகளின் முன் வரிசையாக நிறுத்தப்பட்ட பள்ளி மாணவரின் வரலாறு எழுதப்படவில்லை. ‘பார்வையாளர்’ என்ற வகைக்குள் மாணவர் கரைந்துபோனதை இக்கட்டுரை ஆராய்கிறது. பல்லாவரம், மாம்பலம், மயிலாப்பூர் ஆகிய இடங்களோடு தொடர்புடைய தொல்பொருள்களை முன்வைத்து, அருங்காட்சியகக் கல்வி எதைக் கற்பிக்க இயலும், எதைக் கற்பிக்கத் தவறியுள்ளது என்பதையும் அது விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகக் கல்வி, எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புரூஸ் ஃபூட் தொகுப்பு, பல்லாவரம், மயிலாப்பூர், பள்ளிக் குழுக்கள்

முன்னுரை

பழைய சென்னைவாசிகளின் பேச்சில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்றும், பூங்கா நகரில் இருந்த விலங்குக்காட்சிச் சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் பெயர். முன்னதில் பாடம் செய்யப்பட்ட உயிரினங்கள், பின்னதில் உயிருள்ள விலங்குகள் என்ற வேறுபாடு எளிதில் விளங்கும். விளக்கம் வேண்டுவது ‘காலேஜ்’ என்ற சொல்தான். 1812இல் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் வளாகத்தில் அருங்காட்சியகம் முதலில் அமைந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். இடத்தால் வந்த பெயராகவே இருந்தாலும், ஒரு காட்சிச்சாலையைக் கல்விக்கூடமாகப் பெயரிட்டு அழைத்த மக்கள் வழக்கு கவனத்துக்குரியது. அந்தக் ‘காலேஜ்’ யாருக்கு என்ன கற்பித்தது என்ற கேள்வியை அப்பெயரே எழுப்புகிறது.

கல்லூரிச் சாலையிலிருந்து பாந்தியன் சாலைக்கு

சென்னை இலக்கியச் சங்கத்தின் முயற்சியால் உருவான அருங்காட்சியகம் 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் தொடங்கியது. மருத்துவரான எட்வர்டு பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். தொடக்கத் தொகுப்பில் மிகுந்திருந்தவை கனிம, பாறை மாதிரிகள். 1854இல் நிறுவனம் எழும்பூரின் பாந்தியன் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. மக்களை ஈர்க்க உயிருள்ள விலங்குகளையும் அங்குக் கொண்டுவந்து வைத்தார் பால்ஃபர். 1860களில் பூங்கா நகருக்கு மாற்றப்பட்ட அவ்விலங்குத் தொகுப்பே பின்னாளில் ‘உயிர் காலேஜ்’ எனப்பட்டது. 1985இல் வண்டலூருக்குச் சென்றதும் அதுவே.

அருங்காட்சியகம் பிறந்த கல்லூரிச் சாலை வளாகம் பிற்காலத்தில் பொதுக்கல்வி இயக்ககத்தின் இருப்பிடமாயிற்று. ‘டி.பி.ஐ.’ என ஆசிரியர் அனைவரும் அறிந்த அவ்வளாகத்திலிருந்துதான் தமிழகப் பள்ளிகளுக்கான சுற்றறிக்கைகள் இன்றும் புறப்படுகின்றன. பள்ளிக்கல்வித் துறையின் தலைமையிடமும் அருங்காட்சியகத்தின் முதல் வீடும் ஒரே மண்ணில் அமைந்திருந்தும், இரண்டும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாக ஒருபோதும் வளரவில்லை.

பார்வையாளர் எண்ணிக்கையும் மாணவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருங்காட்சியக நிர்வாகம் தன் வெற்றியைத் தலைக்கணக்கால் அளந்தது. காணும் பொங்கலன்று திரண்ட கூட்டம் அந்நிர்வாகத்துக்குப் பெருமையும் திகைப்பும் ஒருங்கே தந்தது. அக்கூட்டத்தில் குழந்தைகள் மிகுதியாக இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் ‘பார்வையாளர்’ என்ற பொதுக்கணக்கில் ஒரு தலை மட்டுமே. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனித உடலளவை ஆய்வை அருங்காட்சியகப் பணியின் ஒரு பகுதியாக்கினார். அவ்வகையில் காட்சியைக் காண வந்தவரும் அளக்கப்படும் பொருளாகக் கூடிய இடமாக அது இருந்தது. மக்களைக் கற்பவராகக் கருதுவதற்கும் மாதிரிகளாகக் கருதுவதற்கும் இடையிலுள்ள தொலைவு குடியேற்றக் கால நிறுவனங்களில் அத்துணைக் குறுகியது.

இதே காலத்தில் பிற நாடுகளில் வேறொரு போக்கு உருவாகியிருந்தது. 1899இல் நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907ஐ ஒட்டி, காட்சிக்கூடத்தில் பார்வையாளருடன் நடந்து பொருள்களை விளக்குவோரை அமர்த்தத் தொடங்கியது. 1952இல் யுனெஸ்கோ, கல்வியில் அருங்காட்சியகங்களின் பங்கு குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கை அதே புரூக்ளினில் நடத்தியபோது, பள்ளிக் குழுவுக்கான தனிப் பயிற்றுமுறை என்பது உலக அளவில் பேசுபொருளாகிவிட்டது.

சென்னையில் இந்த இடைவெளியை நிரப்பியது புலமைப்பணி. 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்த எஃப்.எச். கிரேவ்லி, டி.என். இராமச்சந்திரனுடன் இணைந்து 1932இல் வெளியிட்ட உலோகத் திருமேனிகளின் பட்டியல், சி. சிவராமமூர்த்தி 1942இல் வெளியிட்ட அமராவதிச் சிற்ப ஆய்வு ஆகியவை இன்றும் மேற்கோள் காட்டப்படுபவை. கிரேவ்லிக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியரான ஏ. ஐயப்பன் மானிடவியல் அறிஞர். இவ்வறிஞர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. எனினும் அந்நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தவை; ஆய்வாளரை நோக்கி எழுதப்பட்டவை. காட்சிப்பெட்டியின் விளக்கச்சீட்டு அப்பட்டியல்களின் சுருக்கமாகவே உருவெடுத்தது. பொருளின் பெயர், காலம், கிடைத்த ஊர் ஆகிய மூன்றும் பட்டியலுக்குப் போதும். பன்னிரண்டு வயது மாணவர்க்கு அவை விடைகள் மட்டுமே. எந்தக் கேள்விக்கான விடைகள் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் எனத் தனிக் கட்டடம் எழும்பூர் வளாகத்திலேயே பின்னர் எழுந்தது. பல நாட்டு உடையணிந்த பொம்மைகளும் பண்டைய நாகரிகங்கள் பற்றிய காட்சிகளும் அங்கு இடம்பெற்றன. குழந்தைகளை மனத்தில் கொண்ட முயற்சி என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. ஆயினும் உண்மையான தொல்பொருள்கள் ஒரு கட்டடத்திலும் குழந்தைகளுக்குரிய விளக்கங்கள் மற்றொரு கட்டடத்திலும் இருப்பது, முன்னர்க் கூறிய பிரிவினையைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் உறுதிப்படுத்தியது எனலாம்.

ஒரே தடத்தில் மூன்று நிலையங்கள்

1863 மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக்கல் குழி ஒன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அவர் கொற்றலை ஆற்றுப்படுகையிலுள்ள அதிராம்பாக்கத்தை அடையாளம் கண்டார். மனித இனத்தின் தொன்மையை ஐரோப்பிய அறிவுலகம் 1859இல்தான் ஏற்கத் தொடங்கியிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்பின் எடை விளங்கும். அதிராம்பாக்கத்தில் சாந்தி பாப்பு தலைமையிலான குழு மேற்கொண்ட அகழாய்வுகள், அங்கு அச்சூலியக் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பதை 2011இலும், இடைப் பழைய கற்காலக் கருவித்தொழில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பதை 2018இலும் வெளிப்படுத்தின.

ஃபூட் தம் வாழ்நாள் தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். நான்காயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் கொண்ட அத்தொகுப்பின் பட்டியல் அவர் மறைவுக்குப் பின் 1914இல் வெளிவந்தது. எந்தக் கருவி எந்த ஊரில், எத்தகைய நிலப்பரப்பில் கிடைத்தது என்ற குறிப்புகளே அப்பட்டியலின் உயிர். பல்லாவரத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அலெக்சாண்டர் ரீ 1880களில் அங்குக் கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டறிந்து வெளியிட்டார். அவரே 1899 முதல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளும் இரும்பு, வெண்கலப் பொருள்களும் எழும்பூர் வந்தன.

2018இல் வெளிவந்த புதிய பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல் வரலாற்றுக்கு முந்தைய காலத்திலிருந்தே தொடங்குகிறது; ஃபூட்டின் பெயரும் பல்லாவரமும் அதிராம்பாக்கமும் அதில் உள்ளன. இங்கு ஒரு நிலவியல் உண்மை கவனிக்கத்தக்கது. கடற்கரை–தாம்பரம் மின்தொடர்வண்டித் தடத்தில் எழும்பூர், மாம்பலம், பல்லாவரம் ஆகிய மூன்றும் நிலையங்கள். தியாகராய நகர்ப் பள்ளி மாணவர் ஒருவர் மாம்பலத்தில் வடக்கு நோக்கி ஏறினால் கைக்கோடாரி வைக்கப்பட்டுள்ள ஊருக்கும், தெற்கு நோக்கி ஏறினால் அது கிடைத்த ஊருக்கும் போய்ச் சேரலாம். அவர் ஏறும் மாம்பலமே ஒரு தொல்லியல் இடம். அங்குக் கிடைத்த புதையல் ஒன்றில் முத்திரைக் காசுகளுடன் ரோமானியக் காசும் கலந்திருந்தது. 1920களில் ஏரிப்பகுதியைத் தூர்த்து உருவாக்கிய நகர்ப்பகுதியாக மட்டும் தியாகராய நகரை அறிந்திருக்கும் மாணவர்க்கு, கடல்கடந்த வணிகத்தைப் பற்றிய பாடத்தை மதுரையிலிருந்தோ பூம்புகாரிலிருந்தோ தொடங்க வேண்டிய கட்டாயமில்லை.

பாடநூல், கிடைத்த இடம், வைத்திருக்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒரே பகற்பொழுதில் இணைக்க முடிகின்ற நகரங்கள் மிகச் சில. இருந்தும் பள்ளிச் சுற்றுலா நடைமுறையில் அருங்காட்சியகம் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கும் மெரினா கடற்கரைக்கும் நடுவே ஓர் இடைநிறுத்தமாகவே பெரும்பாலும் அமைகிறது. பேருந்து நிற்கும் நேரமே பாடவேளையாகிவிடுகிறது.

வீதியுலாவும் கண்ணாடிப் பெட்டியும்

மயிலாப்பூர் மாணவரின் நிலை இன்னும் நுட்பமானது. பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் கோயிலின் அறுபத்துமூவர் உலாவை ஆண்டுதோறும் மாட வீதிகளில் காணும் மாணவர்க்கு உலோகத் திருமேனி புதிதன்று. பட்டும் மாலையும் அணிந்து, தோளில் சுமக்கப்பட்டு, நாதசுரம் முழங்க வருவதே அவர் அறிந்த திருமேனி. எழும்பூர் வெண்கலக் காட்சிக்கூடத்தில் அவர் காண்பது அணிகலனற்ற, அசையாத, எண்ணிடப்பட்ட உருவம். ‘இவையும் அவையும் ஒன்றா?’ என்ற கேள்வி அம்மாணவரிடம் இயல்பாக எழக்கூடியது. அருங்காட்சியகக் கல்வி தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

காட்சிக்கூடத்திலுள்ள பல திருமேனிகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருப்பதைக் காணலாம். சுமக்கும் தண்டுகளைப் பொருத்துவதற்கும் திருவாசியை நிறுத்துவதற்கும் அமைந்தவை அவை. திருமேனி உலாவுக்காகவே வார்க்கப்பட்டது என்பதை எந்தப் புத்தகமும் இன்றி அத்துளைகளிலிருந்தே மாணவர் ஊகித்தறிய முடியும். சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் இந்த நடையே தொல்லியல் முறையின் சாரம். திருவாலங்காட்டு நடராசரின் அழகை வியக்கச் செய்வது எளிது; அதன் பீடத்தைக் குனிந்து பார்க்கச் செய்வதற்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டி வேண்டும்.

அடுத்து எழும் கேள்வி, இவை ஏன் கோயில்களில் இல்லை என்பது. எழும்பூரிலுள்ள திருமேனிகளில் கணிசமானவை நிலத்தைத் தோண்டும்போது தற்செயலாகக் கிடைத்து, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின் வழியாக அருங்காட்சியகத்தை அடைந்தவை. யார், எப்போது, எந்த அச்சத்தில் புதைத்தனர் என்பது வரலாற்றுக் கேள்வி. கண்டெடுத்தவர் ஏன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது குடிமைக் கேள்வி. வயலிலும் கட்டுமானக் குழியிலும் தொல்பொருள் கிடைத்துக்கொண்டேயிருக்கும் மாநிலத்தில் இரண்டாவது கேள்வி முதலாவதைவிட அவசரமானது. இன்று வரிசையில் நடந்து செல்லும் மாணவரே நாளை குழி தோண்டுமிடத்தில் நிற்கப்போகிறவர்.

அமராவதிச் சிற்பங்களின் முன்னும் இதற்கு இணையான கேள்வி உண்டு. வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்த பலகைகள் சென்னைக்கு வந்தன. அவற்றில் பல 1859இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. (அடையாறு மாணவர்க்கு நன்கு தெரிந்த எலியட்சு கடற்கரையின் எலியட் இவரல்லர், அவர் எட்வர்டு எலியட்.) ஒரே தூபியின் சிற்பங்கள் எழும்பூரிலும் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடப்பதன் காரணத்தை விளக்காமல் சிற்பத்தின் காலத்தை மட்டும் சொல்வது, குடும்பப் பாகப்பிரிவினையைச் சொல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் சொல்வது போன்றது.

தொல்லியல் துறையின் வழி

1961இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வேறொரு மரபை வளர்த்தது. இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் (1966–1988) வரலாற்றுச் சின்னங்கள் பற்றிய மலிவுவிலைக் கையேடுகள் வெளிவந்தன. பள்ளி மாணவர் தத்தம் ஊரிலுள்ள சின்னங்களை அறிந்து காக்க வேண்டும் என்ற நோக்கில் பயிற்சிகளும் நடந்தன. எழும்பூரின் அணுகுமுறை மாணவரைப் பொருளிடம் அழைத்துவந்தது. இதுவோ பொருள் இருக்கும் ஊரிலேயே மாணவரைக் காவலராக்க முனைந்தது. பூண்டி போன்ற இடங்களில் துறை அமைத்த அகழ்வைப்பகங்களும், பின்னாளில் பள்ளிகளில் உருவான தொன்மைப் பாதுகாப்பு மன்றங்களும் இம்மரபின் தொடர்ச்சி. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளி மன்ற மாணவர் கல்வெட்டுப் படியெடுக்கவும் பானை ஓடுகளை இனங்காணவும் பயின்று புதிய தடயங்களை வெளிக்கொணர்ந்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. சென்னை நகரப் பள்ளிகளில் இவ்வகை மன்றம் வேரூன்றாததற்கு, நகரத்தில் தொல்லியல் இல்லை என்ற தவறான எண்ணமே முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் பள்ளிக் குழுக்களின் எதிர்பார்ப்பையே மாற்றியது. அகழாய்வு நடந்த ஊரிலேயே அமைந்த கூடம், தமிழில் விரிவான விளக்கம், பொருளின் பயன்பாட்டை முன்னிறுத்தும் வரிசை ஆகியவை பெயர், காலம், ஊர் என்ற பழைய முறையிலிருந்து விலகியவை. கீழடியைக் கண்டுவந்த ஆசிரியர் எழும்பூரில் கேட்கும் கேள்விகள் இனி வேறாகவே இருக்கும்.

சி.ஐ.டி. காலனியும் கையால் கற்றலும்

தென்சென்னையைப் பொறுத்தவரை முக்கியமான முன்முயற்சி அரசுக்கு வெளியே நிகழ்ந்தது. 1999இல் தொடங்கப்பட்டு, மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியை முகவரியாகக் கொண்டு இயங்கிய சர்மா மரபுக் கல்வி மையம், அதிராம்பாக்க ஆய்வையும் குழந்தைகளுக்கான தொல்லியல் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. அதன் நிறுவனரான சாந்தி பாப்பு, பள்ளிகளில் தொல்லியல் கற்பிப்பதன் இந்திய அனுபவம் குறித்து ‘ஆண்டிக்விட்டி’ ஆய்விதழில் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். மாணவர்க்கான பட்டறைகளுடன் ஆசிரியர்க்கான பயிற்சியையும் இம்மையம் தன் பணியாகக் கொண்டது. மாணவர் ஒருமுறை வந்து செல்பவர். ஆசிரியரோ ஆண்டுதோறும் புதிய மாணவரை அழைத்து வருபவர் என்பதால் இரண்டாவது பணியே நெடுங்காலப் பயன் தருவது.

இம்முயற்சியை நகரின் கல்விச்சூழலோடு சேர்த்துக் காண வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை பின்னர் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகளைக் கையிலெடுத்து, தரையில் அமர்ந்து, தன் வேகத்தில் கற்ற குழந்தை, அருங்காட்சியகத்தில் ‘தொடாதே’ என்ற பலகையைச் சந்தித்தது. வகுப்பறை மாறிய வேகத்தில் காட்சிக்கூடம் மாறவில்லை.

தொடுதலுக்கு எதிரான காப்பாட்சியரின் அச்சம் நியாயமானது. வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். நூறு கைகள் பட்ட ஓடு விளிம்பிழக்கும். ஆனால் கிடைத்த இடம் தெரியாத கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், புதிதாகச் செதுக்கிய குவார்ட்சைட் கருவிகளும், வார்ப்புப் படிகளும் ஆய்வு மதிப்பில் எளியவை; கற்பிப்பதற்கு நிறைந்தவை. இவற்றைக் கொண்டு ஒரு தொடுதொகுப்பை அமைக்கப் பெரும் செலவு தேவைப்படாது.

இதைவிடக் கடினமான சிக்கல் போலி அகழ்வுக்குழி. மணல் நிரப்பிய தொட்டியில் பொம்மைகளையும் காசுகளையும் புதைத்து மாணவரைத் தோண்டச் செய்யும் நிகழ்ச்சிகள் இப்போது பல இடங்களில் விரும்பப்படுகின்றன. பொருள் கிடைத்ததும் கைதட்டல் எழுகிறது. அம்மாணவர் கற்றுக்கொள்வது தொல்லியலை அன்று, புதையல் வேட்டையை. எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதனுடன் சேர்ந்து கிடைத்தது என்ற பதிவின்றி எடுக்கப்பட்ட பொருள் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது என்பதை உணர்த்தாத குழி, கற்பிக்காமல் இருப்பதைவிடத் தீங்கானது. குழிக்குள் இறங்கும் முன் அளவுநாடாவும் வரைதாளும் கொடுத்து, மாணவர் வரைந்த படத்தைக் கொண்டே அடுத்த குழுவினர் காலவரிசையைக் கூற வேண்டும் என அமைத்தால், அதே மணல்தொட்டி நேர்மையான பாடமாகும்.

தமிழி எழுத்தில் தம் பெயரை எழுதும் பயிற்சிக்கும் இது பொருந்தும். மாணவரை இவ்வளவு மகிழ்விக்கும் பயிற்சி வேறில்லை. அதைப் பெயரளவில் நிறுத்தாமல் ஒரு படி மேலே கொண்டுசெல்லலாம். கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் கிடைத்துள்ளன. பானை ஈரமாக இருக்கையில், அதாவது சுடுவதற்கு முன் எழுதினால் கோடு வழுவழுப்பாக விழும். சுட்ட பின் கீறினால் ஓரம் சிதறும். முன்னது வனைந்தவர் எழுதியதாகவும் பின்னது பயன்படுத்தியவர் எழுதியதாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. ஈரக் களிமண்ணிலும் சுட்ட ஓட்டிலும் தன் பெயரை இருமுறை எழுதிப் பார்க்கும் மாணவர், சங்ககால எழுத்தறிவு யாரிடம் இருந்தது என்ற, அறிஞர் இன்றும் விவாதிக்கும் வினாவுக்குள் தாமாகவே நுழைந்துவிடுகிறார்.

நிர்வாகப் பிளவு

இவை எதுவும் தனியொருவர் ஆர்வத்தால் நிலைபெறக்கூடியவை அல்ல. எழும்பூர் அருங்காட்சியகமும் மாவட்ட அருங்காட்சியகங்களும் ஒரு துறையின் கீழும், கீழடியும் பூண்டியும் மாநிலத் தொல்லியல் துறையின் கீழும், 1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகம் நடுவண் அரசின் தொல்லியல் துறையின் கீழும், மாணவர் அனைவரும் பள்ளிக்கல்வித் துறையின் கீழும் உள்ளனர். பள்ளிக் குழுவுக்குச் சலுகைக் கட்டணம் தருவது ஒரு துறையால் இயலும். ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடம் நடத்தப்படும் வாரங்களில் ஃபூட் தொகுப்பின் முன் பயிற்சி பெற்ற ஒருவர் நிற்பதை உறுதிசெய்ய இரண்டு துறைகள் ஒரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பள்ளிகளுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. எனவே பள்ளி நாள்களில் எஞ்சுபவை நான்கு. அவற்றுள் தேர்வு நாள்கள் கழிய, பல்லாவரத்துக் கைக்கோடாரியின் முன் ஒரு வகுப்பு நிற்பதற்கான காலைப்பொழுதுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.